சிசு பராமரிப்பில் பத்தரை மணி நேரத்துக்கு மூன்று டயப்பர் போதுமா?

செங்காங்_தாய் | திங்கள், இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஒன்பது மாதம் நிறைந்துவிட்டது. நான் வேலைக்குத் திரும்பியதும் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே இருக்கும் ஒரு நிலையத்தில் அவளைச் சிசு பராமரிப்புக்குச் சேர்த்தோம். காலை 8 மணிக்கு விட்டு மாலை 6.30 மணிக்கு அழைத்து வருகிறோம். ஆசிரியைகள் அன்பானவர்கள், பிள்ளையும் அவர்களைப் பார்த்தால் சிரித்துக்கொண்டே கை நீட்டுகிறாள். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

என் கவலை டயப்பரைப் பற்றியது. நிலையத்தின் செயலியில் தினமும் மூன்று பதிவுகள் வருகின்றன: காலை 10.30, பிற்பகல் 1.30, மாலை 4.30. மூன்று வாரங்களாக ஒரு நாள்கூட அது 10.40 ஆகவோ 1.15 ஆகவோ மாறியதில்லை. சேர்த்த நாளன்று 40 டயப்பர் கொண்ட ஒரு பொட்டலத்தைக் கொடுத்திருந்தோம், சென்ற வெள்ளிக்கிழமைதான் அது தீர்ந்துவிட்டது என்று புதியது கேட்டார்கள். பதினைந்து வேலை நாள்களுக்கு மூன்று வீதம் 45 ஆகியிருக்க வேண்டுமே என்று அன்று இரவு படுக்கையில் கிடந்தபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து குறைகிறது.

அதே வெள்ளிக்கிழமை மாலை அவளைத் தூக்கியபோது டயப்பர் தொடை வரை தொங்கிக் கனத்தது. ஈரத்தைக் காட்டும் மஞ்சள் கோடு முன்னும் பின்னும் முழுக்க நீலமாகிவிட்டிருந்தது. வீட்டில் கழற்றிப் பார்த்தால் உள்ளிருந்த ஜெல் பிதுங்கி, வெந்த ஜவ்வரிசி போலத் தோலில் ஒட்டியிருந்தது. அடியில் இரு பக்கமும் சிவந்து தடித்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் பட்டதுமே அவள் வீறிட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. செயலியிலோ மாலை 4.30க்கு மாற்றியதாகப் பதிவு இருந்தது.

இன்று காலை கேட்டபோது, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவதுதான் தங்கள் வழக்கம் என்றும், இக்காலத்து டயப்பர்கள் நன்றாக உறிஞ்சும் என்றும் பதில் வந்தது. எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது சரி? நாள் முழுதும் என் பிள்ளையைத் தூக்கிச் சுமப்பவர்களின் மனம் புண்படாமல் இதை எப்படிப் பேசுவது?

---

பொங்கோல்_அப்பா | திங்கள், இரவு 10.15

சகோதரி, இதில் தயங்குவதற்கு ஒன்றுமில்லை. மாதாமாதம் கட்டணம் செலுத்துகிறோம், டயப்பரும் நாமே வாங்கிக் கொடுக்கிறோம். மணிக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மாற்றாததை மாற்றியதாகப் பதிவு செய்தது அதைவிடப் பெரிய தவறு. நிலையங்களைக் கண்காணிக்கும் அரசாங்க அமைப்பான பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பிடம் நேராகப் புகார் கொடுத்துவிடலாம்.

---

ஈசூன்_பாட்டி | திங்கள், இரவு 10.40

என் மூன்று பிள்ளைகளையும் துணி கட்டித்தான் வளர்த்தேன். பழைய வேட்டியைக் கிழித்து முக்கோணமாக மடித்துக் கட்டுவோம். ஒரு நாளைக்கு இருபது துணிக்குக் குறையாது. அத்தனையையும் கையால் கசக்கி, ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் வரிசையாகக் காயப்போட்டால் எங்கள் மாடியில் எத்தனை கைக்குழந்தைகள் இருக்கின்றன என்பது கீழே போகிறவர்களுக்கே தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குப் புண்ணே வந்ததில்லை என்று நான் சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் துணி சரியாகக் காயாமல் போனால் எங்கள் பிள்ளைகளுக்கும் அடி வெந்துபோயிருக்கிறது. பவுடரும் தேங்காயெண்ணெயும் போட்டுச் சமாளித்தோம்.

ஆனால் ஒன்று, அம்மா. துணி நனைந்தால் பிள்ளை உடனே நெளியும், அழும். மாற்றாமல் நமக்கே இருப்புக் கொள்ளாது. டயப்பர் வந்தபின் ஈரம் பிள்ளைக்கே தெரிவதில்லை. அது கேட்காததனால் நாமும் பார்ப்பதில்லை. உங்கள் நிலையத்திலும் இதுதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

---

சிசுவகுப்பு_டீச்சர் | செவ்வாய், காலை 6.20

நான் பதினொரு ஆண்டுகளாகச் சிசு வகுப்பில் வேலை பார்க்கிறேன். வேலைக்குக் கிளம்புமுன் இதை எழுதுகிறேன். அந்த நிலையம் எது என்று எனக்குத் தெரியாது. அங்கே நடந்ததை நியாயப்படுத்தவும் நான் வரவில்லை. ஆனால் அந்த அறைக்குள் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொண்டால் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

சிங்கப்பூரில் இரண்டு மாதம் முதல் பதினெட்டு மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கு ஐவருக்கு ஒருவர் என்பது விதி. எங்கள் அறையில் பத்துப் பிள்ளைகள், நாங்கள் இருவர். ஒரு டயப்பரை மாற்றுவது என்றால் கையைக் கழுவி, மேசையில் புதிய காகிதத்தை விரித்து, டயப்பர், வெட் டிஷ்யூ, களிம்பு, குப்பைப் பை எல்லாவற்றையும் கை எட்டும் தூரத்தில் வைத்த பிறகுதான் பிள்ளையைத் தூக்கி வருவோம். மேசையில் கிடத்தியபின் ஒரு கை எப்போதும் பிள்ளையின் மேல் இருக்க வேண்டும். ஒன்பது மாதப் பிள்ளை கண் மூடித் திறப்பதற்குள் புரண்டுவிடும். கையுறை அணிந்து, முன்னிருந்து பின்னாகத் துடைத்து, தொடை இடுக்குகளைப் பிரித்துப் பார்த்து, அழுக்கான டயப்பரைச் சுருட்டிப் பையில் போட்டு, கையுறையைக் கழற்றிவிட்டுப் புதியதைக் கட்டுவோம். பிறகு பிள்ளையின் கையைக் கழுவிவிட்டு, பிள்ளையைக் கீழே விட்டு, மேசையைக் கழுவிக் கிருமிநாசினி தெளித்து, மறுபடி கையைக் கழுவிப் பதிவு செய்வோம். கையுறை போட்டதனால் கை கழுவாமல் விட முடியாது. சிறுநீர் மட்டும் என்றால் இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் ஆகும். மலம் முதுகு வரை ஏறியிருந்தால் பதினைந்து நிமிடம்கூட ஆகும்.

பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து முறை என்றால் ஐம்பது மாற்றங்கள், அதாவது 250 நிமிடங்கள், நான்கு மணி நேரத்துக்கும் மேல். இதற்கிடையே பால், கஞ்சி, தூக்கம், அழுகை, ஒருவர் சாப்பிடப் போகும் நேரம் எல்லாம் இருக்கின்றன. அதனால்தான் பல நிலையங்களில் குறிப்பிட்ட நேரங்களில் வரிசையாக எல்லாப் பிள்ளைகளுக்கும் மாற்றுகிறார்கள். யாரையும் மறந்துவிடாமல் இருக்க அது உதவுகிறது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சுற்றுகளுக்கு நடுவேயும் ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்று முடிந்து பத்தாவது நிமிடத்தில் மலம் கழித்த பிள்ளையை அடுத்த சுற்று வரை காக்க வைக்கும் அறை நல்ல அறை அல்ல.

அந்த 4.30 பதிவைப் பற்றி என் ஊகத்தைச் சொல்கிறேன். மாலைச் சுற்று வரும்போது சில பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும், எழுந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று அவர்களைக் கடந்து போவோம். பெற்றோர் வரத் தொடங்கும் அவசரத்தில் பதிவை மட்டும் எல்லாருக்கும் ஒரே தட்டலில் போட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும். இப்படிச் செய்யக்கூடாது. உங்களுக்குக் குறைந்த அந்த ஐந்து டயப்பர்களும் இப்படிப் போனவையாக இருக்கலாம். எப்படியானாலும் முதலில் நிலையத்தின் முதல்வரிடம் நேரில் பேசிப் பாருங்கள், மாற்றம் இல்லையென்றால் மேலே போகலாம்.

---

ஜூரோங்_இருபிள்ளை | செவ்வாய், பிற்பகல் 1.05

எனக்கு ஒரு ஐயம், யாரையும் மறுப்பதற்காகக் கேட்கவில்லை. பொட்டலத்திலேயே பன்னிரண்டு மணி நேரம் தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள். என் பையனுக்கு இரவு 8.30க்குக் கட்டும் டயப்பரைக் காலை 6.30க்குத்தான் கழற்றுகிறோம், அவனுக்கு ஒன்றும் ஆனதில்லை. வீட்டில் நாமே பத்து மணி நேரம் விட்டுவைத்துவிட்டு, நிலையத்தில் மூன்று மணி நேரத்தைக் குறை சொல்வது முறையா?

---

பொங்கோல்_அப்பா | செவ்வாய், பிற்பகல் 1.30

டீச்சர் எழுதியதைப் படித்தபின் மணிக்கு ஒருமுறை என்று நான் சொன்னது நடக்கக்கூடியதா என்று யோசிக்கிறேன். பதிவு விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை.

---

பிள்ளைகள்பிரிவுத்_தாதி | செவ்வாய், இரவு 11.10

பணி முடிந்து இப்போதுதான் இழையைப் படித்தேன். ஜூரோங் சகோதரர் கேட்டது நியாயமான கேள்வி, பலருடைய குழப்பமும் அதில்தான் இருக்கிறது.

டயப்பருக்குள் இருப்பது நீரைப் பல மடங்கு உறிஞ்சி ஜெல்லாக மாற்றும் ஒரு பொருள். 1980களில் அது டயப்பர்களில் பரவலானதிலிருந்து தோலில் ஈரம் நிற்பது வெகுவாகக் குறைந்தது உண்மை. பன்னிரண்டு மணி நேரம் என்பது ஒழுகாமல் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கான கணக்கு, தோலின் கணக்கு வேறு. ஜெல் சிறுநீரைத்தான் இழுத்துக்கொள்ளும், மலம் மேலேயே தோலோடு ஒட்டிக் கிடக்கும்.

நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது, அதுவே அதன் காப்பு. சிறுநீரில் உள்ள யூரியாவை மலத்தில் உள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றும்போது அந்த அமிலத்தன்மை குறைந்து காரத்தன்மை கூடுகிறது. காரத்தன்மை கூடினால் மலத்தோடு வெளிவரும் செரிமான நொதிகள் தீவிரமாகிக் கொழுப்பையும் புரதத்தையும் கரைப்பது போலவே பிள்ளையின் தோலையும் அரிக்கின்றன. எனவே சிறுநீரும் மலமும் ஒன்றுசேர்ந்து இருப்பதுதான் மிகவும் கெடுதல். உங்கள் பையன் அநேகமாக இரவில் மலம் கழிப்பதில்லை, பாலும் குறைவாகக் குடிக்கிறான், குளிர்சாதன அறையில் தூங்குகிறான். பகலில் நம் ஊர் வெக்கையில், கஞ்சியும் பழமும் சாப்பிட்டு, உட்கார்ந்தபடியே தவழ்ந்து திரியும் பிள்ளையின் நிலை வேறு. திட உணவு பழகும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாத வயதில்தான் இந்தத் தடிப்பு அதிகம் வருவதும்.

கடிகாரத்தைப் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்களின் கழகமும் பொதுச் சுகாதாரச் சங்கமும் சேர்ந்து பராமரிப்பு நிலையங்களுக்கு வகுத்திருக்கும் தரநிலைகளில், டயப்பரைக் குறைந்தது மணிக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும், பிள்ளை சங்கடப்படுவது தெரிந்தால் அப்போதே பார்க்க வேண்டும் என்றிருக்கிறது. அங்கே சோதிப்பதற்குத்தான் மணிக்கணக்கு. பார்த்தபின் ஈரமோ மலமோ இருந்தால் மாற்றுவது இயல்பாக நடந்துவிடும். நான் பெற்றோரிடம் சொல்வதும் ஏறத்தாழ இதுதான்: மலம் என்றால் தூக்கத்திலும் உடனே மாற்றுங்கள், ஈரம் மட்டும் என்றால் இரண்டு மணி நேரம், மிஞ்சிப்போனால் மூன்று மணி நேரம், ஈரத்துக்காக மட்டும் தூங்கும் பிள்ளையை எழுப்ப வேண்டாம், எழுந்ததும் முதல் வேலையாக மாற்றுங்கள். தடிப்பு ஏற்கெனவே இருந்தால் இதைவிட அடிக்கடி மாற்ற வேண்டும். கணக்குக்காகக் காய்ந்த டயப்பரையும் மணிக்கு ஒருமுறை கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தால் அந்த உரசலிலும் தோல் சிவக்கும்.

சோதனையில் இன்னொரு பயனும் இருக்கிறது, இதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ள கைக்குழந்தையின் டயப்பர் ஆறு மணி நேரம் காய்ந்தே இருந்தால் உடலில் நீர் வற்றுகிறது என்று பொருள், உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஆகவே, “பார்த்தோம், காய்ந்திருந்தது” என்பதையும் எழுதிவைக்கும் நிலையம் உங்கள் பிள்ளையின் உடல்நலத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விழும் பதிவில் இது தெரியவராது.

செங்காங் சகோதரி, தடிப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். டயப்பர் உரசும் மேடான இடங்களில் சிவந்து, தொடை மடிப்புகளின் உள்பக்கம் தெளிவாக இருந்தால் அது பெரும்பாலும் ஈரத்தாலும் மலத்தாலும் வந்தது. தண்ணீரும் பஞ்சும் கொண்டு ஒற்றிச் சுத்தம் செய்து, சற்று நேரம் காற்றாட விட்டு, ஜிங்க் ஆக்சைடு களிம்பைத் தடிமனாகப் பூசுங்கள். அடுத்த முறை அந்தக் களிம்பு முழுவதையும் தேய்த்தெடுக்க வேண்டாம், மேலே உள்ள அழுக்கை மட்டும் நீக்கி அதன்மேலேயே பூசலாம். மடிப்புக்குள்ளும் கருஞ்சிவப்பாகப் பரவி, சுற்றிலும் சிறு சிறு புள்ளிகள் தெறித்தாற்போல் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. இரண்டு மூன்று நாளில் ஆறாவிட்டாலும், கொப்புளமோ காய்ச்சலோ வந்தாலும் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பாட்டி அம்மா, டயப்பர் பிள்ளையைப் பேசாமல் ஆக்கிவிடுகிறது என்று நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. பவுடர் மட்டும் வேண்டாம் அம்மா. அந்தத் துகள் மூச்சோடு உள்ளே போனால் பிள்ளையின் நுரையீரலுக்கு ஆகாது.

---

ஈசூன்_பாட்டி | புதன், காலை 7.15

பவுடர் டப்பாவை இன்றே எடுத்து வைத்துவிடுகிறேன் அம்மா. பேத்திக்கு நேற்றுவரை போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

---

பாஞ்சாங்_அம்மா | புதன், காலை 10.00

டீச்சரிடம் ஒரு கேள்வி. என் மகனுக்கு இருபது மாதம், சிசு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு மாறிவிட்டான். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர்தான் என்கிறார்கள். அவனோ மலம் வந்தால் புத்தக அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறான், யாரையும் கிட்டே விடுவதில்லை. மேசையில் படுக்க வைத்தால் உதைக்கிறான். அங்கே எப்படித்தான் மாற்றுவார்கள்?

---

சிசுவகுப்பு_டீச்சர் | புதன், இரவு 8.45

அவன் ஒளிந்துகொள்வது நல்ல அறிகுறி அக்கா, உடம்பில் என்ன நடக்கிறது என்பது அவனுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது. அந்த அலமாரி விஷயத்தை ஆசிரியரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அவன் அங்கே போனால் அவருக்குக் கடிகாரமே தேவைப்படாது. இந்த வயதில் பிள்ளையைப் பின்னாலிருந்து திடீரென்று தூக்கக் கூடாது. முன்னால் உட்கார்ந்து, “இப்போது டயப்பர் மாற்றப் போகிறோம், நீ புது டயப்பரை எடுத்துக்கொண்டு வா” என்று சொல்லி, அவன் எழுந்து வரும் வரை சற்றுப் பொறுக்க வேண்டும். ஈரம் மட்டும் என்றால் நின்றபடியே மாற்றலாம், உதைப்பது பாதி அதிலேயே குறைந்துவிடும்.

தாதி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கை, கால், வாய்ப் புண் நோய் வந்து குணமான பிள்ளையின் மலத்தில் அந்தக் கிருமி இன்னும் சில வாரங்கள் வெளியேறிக்கொண்டிருக்கும். பிள்ளை வகுப்புக்குத் திரும்பிவிட்டது என்பதற்காக ஒரு டயப்பர் மாற்றத்தில்கூட கை கழுவுவதைத் தவிர்க்க முடியாது. கை தூய்மித் திரவம் சோப்புக்கும் தண்ணீருக்கும் ஈடாகாது. வேகமாக மாற்றச் சொல்லி எங்களை நெருக்கினால் முதலில் விடுபடுவது இந்தக் கை கழுவுதல்தான் என்பதைப் பெற்றோர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை முறை என்று கேட்கும் அதே மூச்சில் எப்படி என்றும் கேளுங்கள்.

---

செங்காங்_தாய் | வெள்ளி, இரவு 10.20

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை முதல்வரைச் சந்தித்தேன். புகார் போலத் தொடங்காமல், பொட்டலக் கணக்கையும் வெள்ளிக்கிழமை எடுத்த படத்தையும் காட்டி, “4.30 பதிவு எப்படி வந்தது என்று மட்டும் சொல்லுங்கள்” என்று கேட்டேன். அவர் வகுப்பாசிரியையையும் அழைத்துக் கேட்டார். டீச்சர் அக்கா ஊகித்ததுதான் நடந்திருக்கிறது. மகள் அன்று 4.15லிருந்து தூங்கியிருக்கிறாள், பதிவு எல்லாருக்கும் சேர்த்துப் போடப்பட்டது, எழுந்தபோது மற்றொரு பிள்ளை வாந்தி எடுத்ததில் இவளை மறந்துவிட்டார்கள். ஆசிரியை கண் கலங்கிவிட்டார், எனக்கும் சங்கடமாக இருந்தது. ஆனால் 1.30க்குக் கட்டியதை 6.30 வரை என் பிள்ளை சுமந்திருக்கிறாள் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. சொல்லிவிட்டேன்.

இனிப் பிள்ளைவாரியாகத்தான் பதிவு போடுவதாகவும், மணிக்கு ஒருமுறை பார்த்து, காய்ந்திருந்தாலும் எழுதுவதாகவும், தூங்கும் பிள்ளையின் தொட்டிலில் ஒரு சிவப்புத் துணிக் கிளிப்பை மாட்டி, மாற்றிய பிறகே அதைக் கழற்றுவதாகவும் முதல்வர் சொன்னார். அந்தக் கிளிப் யோசனை அந்த ஆசிரியையே சொன்னது. களிம்பு பூச எழுத்துமூலம் ஒப்புதல் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். நாங்களும் வாரத் தொடக்கத்தில் முப்பது டயப்பர் கொடுத்து, வெள்ளிக்கிழமை மீதியைச் சேர்ந்து எண்ணிப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டோம்.

இன்றைய பதிவு: 8.55 காய்ந்திருந்தது, 9.40 ஈரம், மாற்றப்பட்டது. 10.50 மலம், மாற்றப்பட்டது. 12.05 காய்ந்திருந்தது. 12.20 முதல் 2.10 வரை தூக்கம், 2.15 ஈரம், மாற்றப்பட்டது. 3.20 காய்ந்திருந்தது. 4.25 ஈரம், மாற்றப்பட்டது. 5.50 ஈரம், மாற்றப்பட்டது. தடிப்பு மடிப்புக்குள் இல்லை, மேடான இடத்தில் மட்டும்தான் இருந்தது, இப்போது வெளிறிவிட்டது. இன்று குளிப்பாட்டும்போது அழவில்லை.

---

பொங்கோல்_அப்பா | வெள்ளி, இரவு 10.45

அந்தச் சிவப்புக் கிளிப் யோசனையை எங்கள் நிலையத்திலும் சொல்லப் போகிறேன். அந்த ஆசிரியைக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள், சகோதரி.